கோட்டைத் தெருவில் கை நனைத்தவன்

பிரமோதூத வருஷம், வைகாசி 9

காலையிலேயே கச்சான் காற்று ஏறிவிட்டது. தோணி எடுக்கவில்லை. வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லம்மா வைத்த நண்டுக் குழம்பில் உப்புத் தூக்கல். சொன்னால் நாளைக்கு உப்பே போடமாட்டாள் என்று வாயை மூடிக்கொண்டு தின்றேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்ட பெண்டாட்டியிடம் இந்த அளவு புத்திகூட வராவிட்டால் எப்படி.

முகத்துவாரத்துக்கு வெளியே ஒல்லாந்தர் கப்பல் ஒன்று நங்கூரம் போட்டிருக்கிறது. கடல் கடந்த பத்தாவிப் பட்டணத்திலிருந்து வந்ததாம். யார் வந்தால் எனக்கென்ன.

வைகாசி 10

சின்னதம்பி வந்திருக்கிறான்.

வைகாசி 11

நேற்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

செத்துப்போனான் என்றுதான் நினைத்திருந்தோம். கலாசியாகக் கப்பலேறிப் போனவன். இத்தனை வருஷம் ஒரு சேதி கிடையாது. அவன் அம்மா அழுதழுதே போய்ச் சேர்ந்தாள். அவளுக்குக் கொள்ளி வைத்தது நான். இப்போது தோளில் பட்டுத்துண்டு, காதில் பொன் வளையம், நாக்கில் நாலு தேசத்துப் பாஷை என்று வந்து நிற்கிறான். குப்பமே அவனைச் சுற்றி. நிறைகுடம் ததும்பாது என்பார்கள். இவன் ஊரே நனைகிற மாதிரித் ததும்புகிறான்.

சின்ன வயசில் ஒரே தோணியில் வலை பிடித்தவர்கள் நானும் அவனும். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "இன்னாடா வேலு, கெயவனாயிட்டியே!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

கௌஸ் மைதீன் ஊரிலிருந்து நடந்தே வந்துவிட்டான். சொந்தமாக மரக்கலம் வைத்துத் துணி ஏற்றுகிறவன், எங்கள் மூவரில் வசதியானவன். சின்னதம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். போன ஐப்பசியில் என் தோணி கவிழ்ந்து நான் செத்துப் பிழைத்தேன். அப்போது இதே மைதீன் வாசலில் நின்று, "ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டுவிட்டுப் போனான். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. தினம் கண்ணில் படுகிறவனுக்கு யார் அழுவார்கள்.

வைகாசி 14

வலைப் பாட்டைப் பற்றி நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன். முடியவில்லை.

ஏரியில் மீன் படுகிற நல்ல இடம் கொஞ்சம்தான். அங்கே வலை கட்ட ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வைத்திருக்கிறோம். அதுதான் பாடு. முறை வந்தவன் அன்றைக்கு ராஜா. மற்றவன் கரையில் குந்தி வேடிக்கை பார்க்கலாம். சின்னதம்பி போன பிறகு அவன் பாட்டையும் குப்பத்துத் தலைவர் பெரியசாமி நாட்டார் எனக்கே கொடுத்தார். கூட வலை பிடித்தவன் என்பதற்காக. இன்று என் வீட்டுக் கூரை ஒழுகவில்லை, எல்லம்மா காதில் தோடு இருக்கிறது என்றால் அந்த இரண்டாவது பாட்டினால்தான்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய மறுநாள் முறையைப் புதிதாகப் பிரிப்பார்கள். திரும்பி வந்தவன் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். கூட வலை பிடித்தவன் மட்டும் கூட்டத்தில் எழுந்து "இவன் நம்மவன்" என்று சொல்லவேண்டும். அதையும் நான்தான் சொல்லவேண்டும்.

நாட்டாரிடம் அவன் இன்றே கேட்டுவிட்டான். "இனிமே எங்கியும் போமாட்டேன் மாமா. என் பாட்டைக் குடுங்க, இங்கியே கெடக்கறேன்." நாட்டாருக்கு முகமெல்லாம் பல். என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

வைகாசி 15

"பாவம், அவருக்கும் ஒரு குடும்பம் குடித்தனம் வாணாமா?" என்கிறாள் எல்லம்மா. பாவமாம்! ஒரு முழம் பட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அன்றிலிருந்து அவன் பாவம் ஆகிவிட்டான். அந்த ஒரு முழத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

வைகாசி 20

எனக்கும் மைதீனுக்கும் சின்னதம்பி விருந்து வைக்கிறானாம். எங்கே? கோட்டைத் தெருவில், சப்பான்காரன் குரோபேயின் கடையில். ஒல்லாந்தரோடு வாள்காரனாக வந்தவன் குரோபே. வாளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, நம்ம பொன்னியம்மாளைக் கட்டிக்கொண்டு, மீனும் நண்டும் சமைத்து அரிசிச் சாராயத்தோடு விற்கிறான். சின்னதம்பிக்குக் கப்பல் சிநேகிதமாம்.

கோட்டைத் தெருவில் கை நனைத்தவனுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. இது குப்பத்துக் கட்டு. பஞ்ச காலத்தில் அந்தத் தெருவில்தான் தரகர்கள் சோறு போட்டு, அடிமையாக விற்க ஆள் பிடித்தார்கள். தின்றவன் கப்பலில் ஏறினான், ஏறியவன் திரும்பவில்லை. அதைப் பார்த்து நாட்டார் போட்ட கட்டு. சின்னதம்பி போன பிறகு போட்டது, அவனுக்குத் தெரியாது. மைதீன் ஊருக்குள் இருக்கிறவன். எங்கள் குப்பத்துச் சட்டதிட்டம் அவனுக்கு எங்கே தெரியும்.

எனக்குத் தெரியும்.

நாளைக் காலையில் சொல்லிவிடலாம்.

வைகாசி 21

சொல்லவில்லை.

வைகாசி 22

போனால் அந்தக் கட்டு எனக்கும்தான். போகாமல் இருந்துவிடலாம். ஆனால் நான் போகாவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்ன பேசுவார்கள்? என்னைப் பற்றிப் பேசுவார்களா? இல்லை, என் நினைப்பே வராமல் சிரித்துக்கொண்டிருப்பார்களா? இதில் எது மோசம்?

போவேன். உட்காருவேன். எதையும் தொடமாட்டேன்.

வைகாசி 24

நேற்றுச் சாயங்காலம் போனோம்.

கடை வாசலில் நல்ல நீலத் துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறான் குரோபே. கிழிக்க எப்படித்தான் மனசு வந்ததோ. உள்ளே பாய் போட்டு நடுவில் முழங்கால் உயரத்துக்குப் பலகை. சின்னதம்பி அவனோடு அவன் பாஷையில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் குனிந்து குனிந்து நிமிர்ந்தார்கள். மைதீன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒல்லாந்தர் பாஷையில் நாலு வார்த்தை வரும். அதை யாரும் வாயைப் பிளந்து கேட்டதில்லை.

அந்தக் கடையில் தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாதாம். பக்கத்தில் இருக்கிறவன்தான் ஊற்ற வேண்டும். கிண்ணம் காலியாகக் கிடந்தால் சிநேகிதனுக்குத்தான் வெட்கக்கேடாம். மைதீன் சாராயம் தொடமாட்டான், அவனுக்குப் பதநீர். ஆனாலும் சின்னதம்பி கிண்ணம் காலியாகும்போதெல்லாம் முகத்தை அப்படித் திருப்பிக்கொண்டு, மூக்கைச் சுளித்துக்கொண்டு, அவனுக்கு ஊற்றினான். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் கை நீளவில்லை. வெறும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்காருவது? நானே ஊற்றிக்கொண்டேன். அடுப்படியிலிருந்து குரோபே "ச்சு" கொட்டினான். உடனே சின்னதம்பி ஜாடியைப் பிடுங்கி என் கிண்ணத்தை நிரப்பினான். "மன்னிச்சிக்கடா வேலு, கவனிக்கல," என்றான்.

அவனா ஊற்ற வேண்டும்? குடித்தேன். குடித்த பிறகு விரதம் எங்கே நிற்கும்.

ஒவ்வொன்றாக வந்தது. எல்லாம் சின்னச் சின்னத் தட்டு, ஒரு வாய்க்கு மேல் கிடையாது. குச்சியில் குத்திக் கரியில் வாட்டிய இறால். ஆவியில் வெந்த நண்டு. பச்சை மடவை மீனை இலை மாதிரிச் சீவி, உளுந்தில் ஊறவைத்து இறக்கிய ஒரு கறுப்புச் சாற்றோடு வைத்தார்கள். மைதீன் "பச்சையாவா? யா அல்லா!" என்று தள்ளி வைத்தான். கடைசியாக உப்பிட்டு வெயிலில் காய்ந்த மடவைச் சினை, தணலில் காட்டித் துண்டு போட்டது. வாயில் போட்டேன். என்ன சொல்ல. மறுபடி கை போயிற்று. மறுபடியும் போயிற்று.

பொன்னியம்மாள் சிரித்தாள். "போன கார்த்தியில உங்க பாட்டுல வுழுந்த மடவைதாண்ணா. சந்தையில நான்தான் வாங்கியாந்தேன்."

என் மீன் என் வீட்டில் ஒருநாளும் இப்படி ருசித்ததில்லை. அதற்கும் எரிந்தது.

மைதீன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான். "சின்னதம்பி, என் மரக்கலத்துக்கு நீ தலைவனா வந்துடு. கண்ண மூடிகினு ஒப்படைக்கறேன்."

இத்தனை வருஷமாக அவன் பக்கத்தில் இருக்கிறேன். துடுப்புப் பிடிக்கக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை.

அந்தப் பாவி என்ன சொன்னான் தெரியுமா? "வாணாம்பா. கடலு போதும். அங்க தெனம் கனாவுல இந்த ஏரிதான் வரும். இன்னிக்கு யாரு பாடு, நாளைக்கு யாரு பாடுனு வெரல வுட்டு எண்ணிகினே படுத்துனு இருப்பேன். என் பாட்டு நாளுல வேலு வலை கட்டியிருப்பான்னு நெனச்சிக்குவேன். சந்தோசமா இருக்கும்."

மைதீன் மறுபடி அழுதான். நான் நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தேன்.

வைகாசி 25

குப்பத்துக்காரர் யாரும் எங்களைப் பார்க்கவில்லை. மெல்ல விசாரித்துவிட்டேன்.

அன்று வெளியே வரும்போது அவனிடம் சொல்லியிருக்கலாம். 'டேய், இங்க தின்னதை யார்கிட்டயும் சொல்லிக்காதே' என்று ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை? வாய் நிறைய ஏப்பம் இருந்தது, அதனாலா?

ஆனி 8

அவன் மூங்கில் கொண்டுவந்து பாட்டுக்குக் கழி சீவுகிறான். வலை கட்டும்போது ஏரியில் ஊன்றுகிற கழி. காலையிலிருந்து பாடிக்கொண்டே சீவினான். சாயங்காலம் பார்த்தால் என் வாசலில் ஒரு கட்டு. எனக்கும் சேர்த்துச் சீவியிருக்கிறான். என் கழியைவிட நேராக இருக்கிறது.

ஆனி 19

இன்று என் பாடு. இல்லை, அவன் பாடு. கணக்குப்படி அவனுடைய நாள், கட்டியது நான். வலை கொள்ளாமல் இறால். கரையில் நின்று அவன் கையைத் தட்டிக் கூவினான். தனக்குக் கிடைத்த மாதிரிக் குதிக்கிறான். நடிக்கிறானா? நடிக்கிறான் என்றால் நிம்மதியாக இருக்கும்.

ஆடி 16

கூழ் ஊற்றினார்கள். நாளைக்குக் கூட்டம்.

ஆடி 17

எழுதித்தான் தீரவேண்டும்.

எல்லாத் தலைக்கட்டும் கோயில் முன்னால் உட்கார்ந்திருந்தது. நாட்டார் என்னைக் கூப்பிட்டார். "வேலு, கூட வலை புடிச்சவன் நீ. இவன் நம்மவனா?"

எழுந்தேன். "நம்மவன்தான்" என்று சொல்லத்தான் எழுந்தேன். சத்தியமாக. அம்மன் அறிய. அப்போது பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார், "இதுக்குக் கேக்கணுமா? சின்னதம்பி வந்தப்புறந்தான் குப்பமே குப்பமா இருக்குது." எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அத்தனை நாள் இந்தக் குப்பம் என்னவாக இருந்தது? நான் இருந்தேனே, என்னவாக இருந்தேன்?

"நம்மவன்தான்," என்றேன். "ஆனா வைகாசியில கோட்டைத் தெருவுல கை நனைச்சான்."

சொல்லிட்டேன். அவ்ளோதான். வாயில இருந்து போயிடுச்சி.

சின்னதம்பி முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. என்ன விஷயம் என்றே புரியாமல் விழித்தான். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னபிறகு, மெல்லத் தலையை ஆட்டினான்.

நாட்டார் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உனுக்கு எப்படித் தெரியும்? கூட நீயும் குந்திகினு இருந்தியா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு மாசமாக நெஞ்சில் வைத்துக் காய்ச்சிய ஆள், இது ஒன்றை யோசிக்கவில்லை. பொறாமைக்குக் கண் மட்டும்தான் இல்லை என்று நினைத்தேன், மூளையும் இல்லை.

சின்னதம்பிதான் எழுந்தான்.

"இருந்தான் மாமா. நான் கூப்டேன்னு வந்தான். ஆனா கை நனைக்கல. இந்தக் கட்டு எனக்குத் தெரியாது, தின்னேன். அவன் தண்ணிகூடத் தொடாம சும்மா குந்திகினு இருந்தான்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னான்.

தீர்ப்பு: அவனுக்கு அடுத்த ஆடி வரை பாடு இல்லை. அவன் பாட்டை நானே கட்டிக்கொள்ளலாம்.

ஆடி 18

ஊர் என்னை மெச்சுகிறது. சாராயக்கடையில் உட்கார்ந்தும் கை நனைக்காத உத்தமனாம். நாட்டார் தோளில் தட்டிக்கொடுத்தார். முகமெல்லாம் பல்.

எல்லம்மா சோறு போட்டாள். குனிந்தபடியே சொன்னாள், "அன்னிக்கு வந்து பக்கத்துல படுத்தப்போ மீன் சினை வாசனை கொமட்டிச்சி." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

அந்த ஒரு முழம் பட்டை இன்று தலைமாட்டில் காணோம். எங்கே வைத்தாள் என்று கேட்கத் துணிவில்லை.

ஆவணி 6

மைதீனைத் துறையில் பார்த்தேன். நானாகப் போய்ப் பேசினேன். நின்றான், ஆனால் என்னைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தான்.

"நீ தின்னதை நான் பாத்தேன் வேலு. மூணு தரம் சினையை எடுத்தே. அவன் கெஞ்சினான்னுதான் வாயை மூடிகினு இருக்கேன். உனக்காக இல்ல."

எனக்காக இல்லை. அது எனக்கு முதலிலேயே தெரியும். கேட்டபோது புதிதாய் வலித்தது.

ஆவணி 20

பாடு இல்லாதவன் வலை கட்டக் கூடாது. ஆனால் கையால் துழாவிப் பிடிப்பதற்கு யாரும் முறை வைக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைத் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துவிட்டான் சின்னதம்பி. பிடித்ததைக் குரோபே கடைக்குக் கொடுக்கிறானாம், ராத்திரி அங்கேயே ஒரு மூலையில் படுக்கிறானாம். வலை பிடித்த கை மண்ணைத் துழாவுகிறதே என்று குப்பத்தில் உச்சுக் கொட்டுகிறார்கள்.

இன்று என் தோணியிலிருந்து பார்த்தேன். கூட இறங்கியிருந்த கிழவி ஏதோ சொல்ல, கரையேறி நின்று அவன் விழுந்து விழுந்து சிரித்தான். என் வலையில் மடவை துள்ளிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் பாட்டு மீன். சிரிக்க ஆள் இல்லை.

எல்லாம் பறிபோன பிறகும் இவன்மேல் எனக்கு எதற்குப் பொறாமை? சொல்லேன்டா வேலு. எதுக்குடா?

புரட்டாசி 3

தூக்கம் இல்லை. அவன் மட்டும் நல்லவனாகிவிட்டான். எனக்கு வந்த நல்ல பெயரும் அவன் போட்ட பிச்சை. கூட்டத்தில் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் இரண்டு பேரும் சமமாகியிருப்போம். அதற்குக்கூட விடவில்லை. கடங்காரன்.

புரட்டாசி 7

பட்டப்பகலில் கோட்டைத் தெருவுக்குப் போனேன். சந்தை நாள். குப்பத்துப் பெண்கள் கூடையோடு போகிற வழி. உள்ளே போகாமல் வாசலிலேயே பலகை போடச் சொன்னேன், தெருவைப் பார்த்து. பொன்னியம்மாள் பயந்துபோய், "வாணாம்ணா, எல்லாரும் பாக்கறாங்க," என்றாள். "பாக்கட்டும்," என்றேன்.

இறால், நண்டு, பச்சை மடவை. எல்லாவற்றையும் தின்றேன். நாட்டார் மருமகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள். அவள் பார்க்கிறாள் என்று தெரிந்து இன்னொரு தட்டுக் கேட்டேன். கையையும் தெருவைப் பார்த்தே கழுவினேன்.

புரட்டாசி 9

நாட்டார் ஆள் அனுப்பினார். அடுத்த ஆடி வரை எனக்கும் பாடு இல்லை. என் பாடு, அவன் பாடு, இரண்டும் பொதுவில் போயிற்று.

எல்லம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. திட்டினாள். என் நைனா வரைக்கும் இழுத்துத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு எங்கேயோ போனாள். திரும்பும்போது கையில் ஒரு பனையோலைப் பறி, துழாவுகிறவர்கள் பிடித்ததைப் போடுகிற கூடை. என் காலடியில் போட்டாள்.

புரட்டாசி 10

இறங்கினேன்.

பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவ வேண்டும். சின்னதம்பி நாலு ஆள் நீளத் தூரத்தில் இருந்தான். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். எத்தனையோ சொல்ல இருந்திருக்கும் அவனுக்கு. எனக்கும்தான். அவன் வாயில் பறி, என் வாயில் பறி. பறியைக் கடித்துக்கொண்டு யாரும் பேச முடியாது. அது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

கிட்டே வந்தான். என் கையைப் பிடித்து, விரலை எப்படி மடக்க வேண்டும் என்று தண்ணீருக்குள்ளேயே காட்டினான். காட்டிவிட்டுத் தன் பாட்டுக்குத் துழாவப் போய்விட்டான்.

எனக்கு இறால் விரல் இடுக்கில் வழுக்கி வழுக்கிப் போகிறது. அவன் கையில் மட்டும் எப்படித்தான் நிற்கிறதோ! மத்தியானம் கரையேறியபோது அவன் பறி நிறைந்திருந்தது. என் பறியில் அடி ஓலை தெரிந்தது. வயிறு எரிந்தது. அவன் ஒரு கை அள்ளி என் பறியில் போட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளைக்கு அவனைவிட அதிகம் பிடிக்க வேண்டும்.